ஒண்ணும் ஆகாது என்று சொல்லாமல் இருந்தேன்

எனக்கு நடத்திய பிரிவு உபசாரக் கூட்டத்தில் ஒரு இளம் அதிகாரி பேசினார். "அந்தக் காலத்துல மனநலம்னா மாத்திரையும் கயிறும்தான். தெரபி எல்லாம் இப்பத்தான் வந்திருக்குது. அப்படிப்பட்ட காலத்துலயும் ஸ்டெல்லா மேடம் சேவை செஞ்சிருக்காங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மைக்கை என்னிடம் நீட்டினார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. நாலு பேர் என்னைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றிய பிறகும் அந்தப் பேச்சு உறுத்திக்கொண்டே இருந்தது. நல்ல மனிதர்தான். ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னார், அதற்கு நானும் நன்றி சொல்லிவிட்டேன். நான் பத்தாவது வரைதான் படித்தேன். பேச வராது, எழுத வரும். அதனால் எழுதுகிறேன். கயிறு இருந்தது உண்மை. கட்டியிருந்த கயிற்றை இந்தக் கையால் அவிழ்த்திருக்கிறேன். ஆனால் தெரபி இல்லை என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பாண்டிச்சேரியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் மனநோய் வார்டில் உதவியாளாகச் சேர்ந்தேன். துடைப்பது, படுக்கை விரிப்பது, குளிக்கவைப்பது என்று சில வருடங்கள் ஓடின. பிறகு அங்கேயே பயிற்சி கொடுத்து நர்சுக்கு உதவியாளாக்கினார்கள். வார்டுக்குப் பொறுப்பு சரோஜா சிஸ்டர். கன்னியாஸ்திரி இல்லை, நர்ஸ். ஒல்லியாக இருப்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கத்துகிற நோயாளியிடம் இன்னும் மெதுவாகப் பேசுவார். என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே அவர்கள் கத்துவதை நிறுத்துவார்கள்.

நோயாளிக்கு எதிரே உட்காரக்கூடாது, பக்கவாட்டில் உட்கார வேண்டும். அவர் கட்டிலில் இருந்தால் நாம் நிற்கக்கூடாது. கதவுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கக்கூடாது. அவருக்கும் வெளியே போக வழி தெரிய வேண்டும். மாத்திரை கொடுத்தால் தண்ணீர் குடிக்கும் வரை பார்த்து, பிறகு இரண்டு வார்த்தை பேசவைக்க வேண்டும். நாக்குக்கு அடியில் மாத்திரை இருந்தால் பேச்சில் தெரிந்துவிடும். இதையெல்லாம் சரோஜா சிஸ்டர் செய்து காட்டித்தான் சொல்லிக்கொடுத்தார். "கோபமாக இருந்தார்" என்று ஒரு நோயாளியைப் பற்றி நான் ஒருமுறை எழுதியதைப் பார்த்துவிட்டு, "கோபத்தை நீ பாத்தியா?" என்று கேட்டார். "தட்டைத் தள்ளினாருங்க" என்றேன். "அப்ப அதை எழுது. கோபமா, பயமா, வயித்து வலியான்னு அப்புறம் பாக்கலாம்."

மனசிகிச்சையில் பல வழிகள் இருக்கின்றன என்பதையும் அந்தத் தட்டை வைத்தே சொன்னார். ஒரு வழிக்காரர், சின்ன வயதில் யார் இவருக்குச் சோறு ஊட்டினார்கள் என்று கேட்டுத் தோண்டுவார். இன்னொருவர் பழசைக் கேட்கமாட்டார். தட்டைத் தள்ளியதும் நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால்தான் மறுபடி தள்ளுகிறாரா என்று பார்ப்பார். தள்ளும்போது மனதில் என்ன நினைப்பு ஓடியது, அது சரியா என்று விசாரிப்பவர் உண்டு. ஒன்றும் விசாரிக்காமல், அவராகப் பேசும் வரை கூட உட்கார்ந்திருப்பதே வைத்தியம் என்பவரும் உண்டு. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறவரும் உண்டு.

"நர்ஸ் என்ன கேக்கணும் சிஸ்டர்?" என்றேன்.

"பசிக்குதான்னு கேளு முதல்ல."

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு, இரண்டாயிரத்து ஐந்தின் தொடக்கத்தில், எங்கள் ஆஸ்பத்திரி மரக்காணம் பக்கத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. சரோஜா சிஸ்டர், நான், ஒரு ஜீப், டிரைவர். வாரம் ஒருமுறை சென்னையிலிருந்து சுந்தர் என்ற உளவியலாளர் வருவார். அந்த வருடம் எங்கு பார்த்தாலும் கவுன்சிலிங்தான். ஒரு குழு வந்து நடந்ததை வாய்விட்டுச் சொல்லச் சொல்லும். அடுத்த வாரம் வேறொரு குழு வந்து, சொல்லவைக்காதீர்கள், படம் வரையவிடுங்கள் என்று கிரேயான் கொடுத்துவிட்டுப் போகும். யாரும் கெட்ட எண்ணத்தில் வரவில்லை. ஆனால் அந்த வருடம் எல்லா நோய்க்கும் அலை என்றே பெயர் வைத்தார்கள்.

செல்வியை நான் முதலில் பார்த்தது ஒரு தெருக்குழாய்க்குப் பக்கத்தில். உப்பளத்துக்குப் பின்னால், கடலிலிருந்து தள்ளி இருக்கும் காலனி அது. அலை உப்புப் பாத்திகளோடு நின்றுவிட்டது, வீடுகளுக்கு வரவில்லை. அங்கே நிலத்தடியில் எங்கே தோண்டினாலும் கரிப்புதான். குடிக்கிற தண்ணீர் ஒரே குழாயில், காலையில் கொஞ்ச நேரம் வரும். ஜீப் திரும்ப இடமில்லாமல் நின்றபோது ஒரு பிளாஸ்டிக் குடம் உருண்டு வந்து சக்கரத்தில் முட்டியது.

"தெருவே தண்ணிக்கு நிக்குது, இவ கொடத்தக் கழுவுறா, கழுவுறா, கழுவிக்கினே இருக்கா. இனிமே இந்தக் கொழாய்ல கைய வையி, அப்புறம் தெரியும்" என்று கத்திக்கொண்டிருந்தவர் முனியம்மா. அகலமான பெண், உப்பளத்தில் பெண்களுக்கு முன்னால் நின்று வேலை வாங்குபவர்.

குடத்தை எடுக்க வந்த பெண்ணின் கைகளைப் பார்த்தேன். முழங்கை வரை தோல் வெளுத்து, விரல் இடுக்குகளில் வெடித்து, சிவந்திருந்தது. அவள் குடத்தைத் தொடாமல் புடவைத் தலைப்பால் பிடித்துத் தூக்கினாள். நான் இறங்கினேன்.

அலை வந்த ஊர்ப் பட்டியலில் அந்தக் காலனி இல்லை என்று திட்ட அலுவலகத்தில் சொன்னார்கள். சரோஜா சிஸ்டர் சண்டை போடவில்லை. "ஜீப் அந்த வழியாத்தானே போவுது. எறங்குறதுக்குமா பர்மிஷன்?" என்று கேட்டுவிட்டு, வெளியே வந்து என்னிடம், "நீ போயிக்கினே இரு" என்றார்.

செல்விக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். சொந்த ஊர் பெருமுக்கல். அவள் உப்பளத்தில் உப்பு வாருகிறாள், புருஷன் ஏழுமலை லாரியில் உப்பு ஏற்றுபவன். ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தது. குழந்தைக்கு ஒருமுறை வாந்தியும் பேதியுமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைக்கவைத்திருக்கிறார்கள். அப்போது யாரோ, "கைய சரியா கழுவாம பால் குடுத்திருப்ப" என்று சொல்லியிருக்கிறார்கள். அன்று பிடித்தது. கழுவுவாள், இன்னும் அழுக்கு இருப்பதாகத் தோன்றும், மறுபடி கழுவுவாள். கழுவாமல் குழந்தையைத் தொட்டால் குழந்தை செத்துவிடும் என்று மனதுக்குள் அடித்துக்கொள்ளும். புருஷனிடம் கையைக் காட்டி, "சுத்தமா இருக்குதா?" என்பாள். அவன், "இருக்குது, இருக்குது" என்பான். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பாள். கடைசியில் அவள் குழந்தையைத் தூக்குவதையே நிறுத்திவிட்டாள்.

எனக்கு முன்பே ஒரு கவுன்சிலர் அவளைப் பார்த்திருந்தார். அலையை வரையச் சொல்லிக் காகிதம் கொடுத்தாராம்.

"என்ன வரைஞ்ச?" என்றேன்.

"அன்னிக்கு நான் எங்கம்மா வூட்ல இருந்தேன்க்கா. அலைய டீவியிலதான் பாத்தேன். அதனால டீவிய வரைஞ்சிக் குடுத்துட்டேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். இந்தப் பெண்ணுக்கு உள்ளே உயிர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமியார் வாசலிலேயே வைத்து விஷயத்தைச் சொன்னார். "உப்பு சீசன் முடியட்டும் சிஸ்டர். மழை புடிக்கறதுக்குள்ள சரியானா சரி. இல்லாங்காட்டி எங்க மூத்தாரு பிரம்மதேசத்துலேர்ந்து வந்து பேசி, இவள அவுங்கம்மா வூட்டுக்கு அனுப்பிடுவோம். கொயந்த இங்கியே இருக்கட்டும். தூக்காத தாயிக்குக் கொயந்த எதுக்கு?"

செல்வி உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் எதிலும் படாமல் வயிற்றுக்கு முன்னால் தூக்கிப் பிடித்திருந்தாள்.

எங்கள் டாக்டர் மாத்திரை எழுதினார். சுந்தர் சார் திட்டம் போட்டார். பழசைத் தோண்ட வேண்டாம், நடத்தைச் சிகிச்சை செய்வோம் என்றார். பயப்படுகிற பொருளைத் தொட வேண்டும். தொட்ட பிறகு கழுவக்கூடாது. பயம் ஏறும், ஏறி ஒரு உச்சியில் நிற்கும், தானாக இறங்கும். தானாக இறங்குவதை அவள் உடம்பு பல தடவை பார்த்துவிட்டால் பிடி தளரும். முதலில் வாசல்படி, பிறகு செருப்பு, பிறகு உப்பு வாருகிற பலகை, கடைசியில் குழந்தை. அவளிடம் கேட்டு, அவள் சரி என்ற வரிசையில்தான் வைத்தார்.

வாரம் ஒருமுறை வருகிற சுந்தர் சார் எல்லா நாளும் உட்கார முடியாது. நான்தான் உட்கார்ந்தேன். கிளம்பும்போது சரோஜா சிஸ்டர் ஒன்றைச் சொல்லி அனுப்பினார். "ஒண்ணும் ஆகாதுன்னு மட்டும் சொல்லிடாத."

"ஆறுதல்தானே சிஸ்டர்?"

"அவளுக்கு அது ஆறுதல் இல்ல. அதுவும் ஒரு சொம்புத் தண்ணி. நீ சொல்லச் சொல்ல அவ அதை ஊத்திக் கழுவிக்கினே இருப்பா."

என் உத்தியோகத்தில் இதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. வாசல்படியைத் தொட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கண்ணீர் ஓடும். மூச்சு வாங்கும். "யக்கா, கொயந்தைக்கு எதுனா ஆயிடுமா? ஆவாதுன்னு சொல்லேன். ஒரே ஒரு வாட்டி சொல்லேன்" என்பாள். எத்தனையோ பேரிடம் தினமும் சும்மாவே சொல்கிற வார்த்தை. அது என் தொண்டையில் வந்து நிற்கும். "பயமா இருக்குது உனக்கு. நான் இங்கதான் இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணு தேம்பி அழுவுது, பக்கத்துல கல்லு மாதிரி குந்திக்கினு இருக்குது பாரு அந்த சிஸ்டரு" என்பார்கள். என் காதில் விழட்டும் என்றே சொல்வார்கள். எனக்கு முகம் சுடும். எழுந்து போகவில்லை. நான் கூச்சக்காரி, ஆனால் அதற்காக ஓடுகிறவள் இல்லை.

வீட்டில் மாற்றம் வந்தது. வாசல்படியைத் தொட்டுவிட்டு என்னோடு பேசிக்கொண்டே உட்கார்ந்திருக்கப் பழகினாள். செருப்பும் அப்படியே ஆனது. "சுத்தமா இருக்குதா" என்று கேட்டால், "தெர்ல" என்று சொல்ல ஏழுமலை பழகிக்கொண்டான். ஆனால் கைகள் ஆறவில்லை. வெடிப்பு இன்னும் ஆழமாகிக்கொண்டு போயிற்று. கால் பாதமும் வெளுத்தது. ஒளிந்து கழுவுகிறாள் என்று சுந்தர் சார் சந்தேகப்பட்டார். அவளைக் கேட்டேன்.

"நானா ஒரு சொம்பு கூட எடுக்கலக்கா. எம்புள்ள மேல சத்தியம்." பொய் மாதிரி தெரியவில்லை.

பார்த்ததை எழுது என்றல்லவா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் பார்க்கப் போனேன், வேலை முடிகிற நேரத்தில், உப்பளத்துக்கே.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் அங்கே வேலை முடிந்துவிடும். உப்பு நீரில் மணிக்கணக்காக நின்ற காலையும் கையையும் நல்ல தண்ணீரில் கழுவாமல் வீட்டுக்குப் போக முடியாது; போனால் புண்ணாகும். முதலாளி டிராக்டரில் அனுப்பிய தண்ணீர் ஒரு டிரம்மில் இருக்கும். உப்புக் கையை யாரும் டிரம்முக்குள் விடக்கூடாது. அதனால் முதலில் கழுவிய ஒருத்தி சொம்பை எடுத்து மற்றவர்களுக்கு ஊற்றுவாள். நிற்பவள் "போதும்" என்று சொன்னதும் அடுத்தவள் வந்து கையை நீட்டுவாள். அன்றைக்கு முனியம்மா ஊற்றினார். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள், போதும் என்றார்கள், போனார்கள். கடைசியில் செல்வி வந்தாள்.

முனியம்மா ஊற்றினார். செல்வி தேய்த்தாள். மறுபடி ஊற்றினார். சொம்பு டிரம்முக்குள் போய்ப் போய் வந்தது. செல்வி போதும் என்று சொல்லவே இல்லை. முனியம்மா நிறுத்தவே இல்லை. தெருக்குழாயில் செல்வியின் குடத்தை உருட்டிவிட்ட அதே பெண், இங்கே முகம் சுளிக்காமல் ஊற்றிக்கொண்டிருந்தார். செல்வி சொன்னது பொய் இல்லை. அவளாக ஒரு சொம்பும் எடுக்கவில்லை.

முனியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கொழாத் தண்ணி தெருவுக்கு. அங்க உடமாட்டேன்" என்றார். "இது மொதலாளி தண்ணி. ஊத்துனா எனக்கு என்னா கொறஞ்சிடுது? பாவம், கையப் பாத்தீங்களா?"

"நீங்களா நிறுத்தக்கூடாதா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது எப்டிங்க? ஊத்தறவ நிறுத்தக் கூடாது. போதும்னு அவதான் சொல்லணும். நானா நிறுத்துனா, நீ அவ்ளோதான் பெறுவன்னு சொன்ன மாதிரி. எங்க வேலைல அதுக்கே சண்ட வரும்."

இதை சுந்தர் சாரிடம் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "நம்ம பிளான்ல கழுவக் கூடாதுன்னுதான் போட்டோம். கழுவியே ஆகணும்கிற வேலைய மறந்துட்டோமே" என்றார். அன்றே திட்டத்தை மாற்றினார். மற்ற பெண்கள் எவ்வளவு கழுவுகிறார்களோ அவ்வளவுதான் செல்விக்கும்: காலுக்கு ஒரு சொம்பு, கைக்கு ஒரு சொம்பு. நிறுத்துவது ஊற்றுகிறவள். ஆனால் முனியம்மாவிடம் நாங்கள் கேட்டால் அது உத்தரவு ஆகிவிடும், செல்வியேதான் கேட்க வேண்டும் என்று சரோஜா சிஸ்டர் சொல்லிவிட்டார்.

அதற்கு செல்விக்குச் சில நாள் ஆயிற்று. ஒரு நாள், எல்லாப் பெண்களும் நிற்கும்போது, கையை நீட்டிக்கொண்டே சொன்னாள். "யக்கா, நான் போதும்னு சொல்லமாட்டேன். எனக்கு அது வராது. நீயே நிறுத்திடு. நான் கோவிச்சிக்கமாட்டேன்."

முனியம்மா என்னைப் பார்த்தார். நான் உப்புக் குவியலைப் பார்த்தேன். காலுக்கு ஒரு சொம்பு ஊற்றினார். கைக்கு ஒரு சொம்பு ஊற்றினார். சொம்பைக் கவிழ்த்து டிரம் மேல் வைத்தார்.

செல்வி நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். அழுகை வந்தது. முனியம்மாவுக்குப் பொறுக்கவில்லை, "ஒண்ணும்..." என்று ஆரம்பித்தார். நான் கையைத் தூக்கினேன். அத்தனை பேருக்கு முன்னால் ஒருவரை நான் அடக்கியது அதுதான் முதல் தடவை. முனியம்மா வார்த்தையை விழுங்கிக்கொண்டார். ஆனால் சும்மா இருக்க அவருக்கு வராது.

"எவ்ளோ நேரம்டி ரெண்டு கையயும் நீட்டிக்கினே நிப்ப? இன்னா, லைட்டு கம்பமா நீ? கீழ வையி, எவளும் திருடிக்கினு போவமாட்டா."

பெண்கள் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த செல்விக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கைகள் மெல்ல இறங்கின. பயம் ஏறி, நின்று, இறங்கும் என்று சுந்தர் சார் தாளில் கோடு போட்டுக் காட்டியிருந்தார். அன்று உப்பளத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு தினமும் யாராவது ஒருத்தி அவளுக்கு ஊற்றினாள், நிறுத்தினாள். நான் போகாத நாளிலும் அது நடந்தது. கைகளில் புதுத்தோல் வந்தது.

மழைக்கு முன்னால் பிரம்மதேசத்திலிருந்து பெரியவர் வந்தார், ஏழுமலையின் பெரியப்பா. வெள்ளை வேட்டி, நிதானமான பேச்சு. காலையிலேயே வந்துவிட்டார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நேராகக் கேட்டார்.

"பொண்ணு சரியாயிட்டாளாம்மா?"

ஏழுமலையும் மாமியாரும் என்னையே பார்த்தார்கள். ஆமாம் என்று நான் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அது நான் பார்த்ததில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பேசினேன். "முழுசா சரியாகலைங்க. கழுவணும்னு இன்னும் தோணும். பல வருஷம் தோணும். தோணுனாலும் கழுவாம இருக்கறதுக்கு அவளுக்கு இப்ப தெரியும்."

"அப்ப சரியாகல."

"அனுப்புறதுக்கு அது காரணம் இல்லைங்க" என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "சர்க்கரை இருக்கறவங்கள யாரும் அம்மா வீட்டுக்கு அனுப்புறதில்ல."

மாமியார், "கொயந்தையத் தூக்க மாட்டேன்றாளே மூத்தாரே, அதச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தார்.

உள்ளே இருந்து செல்வி குடத்தோடு வெளியே வந்தாள். குழாய்க்கு நடந்தாள். முனியம்மா குடத்தை உருட்டிவிட்ட நாளுக்குப் பிறகு அவள் அங்கே போனதில்லை. மாமியார்தான் தண்ணீர் பிடித்துவருவார். வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். முனியம்மா இடுப்பில் கை வைத்து அவளைப் பார்த்தார். பிறகு தன் குடத்தைக் காலால் நகர்த்தி ஓர் ஆள் நிற்க இடம் விட்டார்.

செல்வியின் முறை வந்தது. குடத்தில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, அலசி, ஊற்றினாள். குடத்தின் வாயைப் பார்த்தபடி நின்றாள். வாசலிலிருந்தே அவள் தோள் இறுகுவது தெரிந்தது. பெரியவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். முனியம்மா, "வேணும்னா இன்னொரு வாட்டி அலசிக்கயேன், இன்னிக்கு ஒருநாளு" என்றார். இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

"வேணாங்க்கா. தண்ணி நின்னுடும், பின்னாடி எத்தினி பேரு நிக்குறாங்க."

குடம் நிறைந்தது. தலைப்பால் பிடிக்காமல் வெறுங்கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். குழந்தை ஓடிவந்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி" என்றது. அவள் முகம் வெளுத்தது. குடத்தை இறக்கினாள். ஒரு டம்ளரில் மொண்டு, குனிந்து, அந்தக் கையாலேயே குழந்தையின் தாடையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்கவைத்தாள். கொஞ்சம் தண்ணீர் குழந்தையின் சட்டையில் சிந்தியது. பிறகு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பயம் அவளுக்குள் ஏறிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொரு டம்ளர் மொண்டு பெரியவரிடம் நீட்டினாள்.

"தண்ணி குடிங்க மாமா. நான் எங்கியும் போவல. போனா இவளத் தூக்கிக்கினுதான் போவேன்."

பெரியவர் டம்ளரை வாங்கினார். அவள் கையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். டம்ளரை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஏழுமலையைக் கூப்பிட்டார்.

"டேய், பிரம்மதேசத்துக்கு பஸ்ஸு எத்தினி மணிக்கு?"